கூட யாரு வந்திருக்கா?

எங்கள் ஆஸ்பத்திரியில் சொட்டு என்றால் ஒருவர்தான். சலைன் பாட்டிலுக்குக் கீழே குழாயில் விழும் சொட்டுகளை வெறும் கண்ணால் பார்த்தே "நிமிஷத்துக்கு நாப்பது" என்பார். நாங்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் முப்பத்தொன்பது வரும், அல்லது நாற்பத்தொன்று வரும். மறுபடி எண்ணினால் நாற்பது வரும். டாக்டர்களுக்கு அவர் சொட்டு, எங்களுக்குச் சொட்டண்ணன்.

மேல்மாடி ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் அவர். நான் கீழே அவசரப் பிரிவில் நர்ஸ். இருபத்தோரு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறோம், ஆயிரம் பாட்டில்களைக் கைமாற்றியிருக்கிறோம். அவர் குடியிருப்பது எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ரத்தம் கொட்டிக்கொண்டு யாராவது வந்தால் மேலேயிருந்து அவரைக் கூப்பிடுவோம். வந்ததும் காயத்தைப் பார்க்க மாட்டார். வாசல் பக்கம் திரும்பி, "கூட யாரு வந்திருக்கா?" என்பார். மனைவியோ மகளோ ஓடி வருவார்கள். "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" அதுதான் முதல் கேள்வி. படுத்திருப்பவரிடம் கேட்டால் ஆகாதா என்று ஆரம்பத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன். "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. ஆம்பளைங்க அங்கதான் ஆரம்பிப்பாங்க. பொண்டாட்டிய கேளுங்க சிஸ்டர், அந்தம்மா சட்டைப் பையில இருக்கறது வரைக்கும் சொல்லும்" என்றார். அதில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. தினமும் விழுங்குகிற மாத்திரையை எங்கள் ஜனங்கள் மருந்தாகவே நினைப்பதில்லை. காலையில் பல் தேய்ப்பது போல அது ஒரு பழக்கம். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று கோயில் சிலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள். பின்னால் நிற்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சலைனைப் பற்றியும் அவருக்கு ஒரு வசனம் இருந்தது. அடிபட்டு ரத்தம் போய்ப் படுத்திருப்பவருக்கு இரண்டு பாட்டில் ஓடவிட்டதும் பிரஷர் நூற்று இருபது காட்டும், சொந்தக்காரர்கள் கும்பிடுவார்கள், "குளுக்கோஸ் ஏத்தினதும் உயிர் வந்துடுச்சு" என்பார்கள். "அது குளுக்கோஸ் இல்லைங்க, உப்புத் தண்ணி" என்று அவர்களைத் திருத்துவார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இது பிளட் பிரஷர் இல்ல சிஸ்டர், வாட்டர் பிரஷர்" என்பார். டீ பாதி சிந்திய டம்ளரில் வெந்நீரை ஊற்றினால் டம்ளர் நிறையும், ஆனால் டீ ஆகாது என்று இதற்கு விளக்கம் வேறு. குழாய் நிறைந்திருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். உள்ளே மூச்சுக்காற்றைச் சுமக்க ஆள் குறைந்திருக்கும், ரத்தத்தை உறையவைக்கிற சரக்கும் நீர்த்துப் போயிருக்கும். அழுத்தம் ஏறிய வேகத்தில் அடைத்திருந்த இடம் திறந்துகொண்டாலும் திறந்துகொள்ளும். இதையெல்லாம் அவர் எந்தப் படிப்பிலும் படிக்கவில்லை. நின்று நின்று பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அந்த நிற்கும் இடம் போய்விடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்தாவது வயதில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பெரிய வியாதி இல்லை, சிலருக்கு வருகிற நடுக்கம்தான். ஆனால் மருந்து ஊசியில் அரை மில்லி பார்த்து ஏற்றுகிறவனுக்குக் கை நடுங்கினால் தியேட்டரில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஊரின் மறுகோடியில் யாரோ ஒரு டாக்டரிடம் போய் ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டார். இதயத்தின் ஓட்டத்தை அடக்கிவைக்கும் மாத்திரை அது. பிரஷருக்கும் கொடுப்பார்கள், நடுக்கத்துக்கும் கொடுப்பார்கள். கை நின்றுவிட்டது. மூன்று வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நாங்கள் பக்கத்திலேயே நின்று சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஒண்டிக்கட்டை. மனைவி என்று ஒருத்தி நாலு வருஷம் இருந்தாள், பிறகு இல்லை. இறந்தாளா, போனாளா என்று அவர் சொன்னதில்லை. வெளிநாட்டில் ஓர் அண்ணன், வருஷத்துக்கு ஒரு போன். லீவு நாளிலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். அவசரப் பிரிவு வாசலில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார். "என்னண்ணே, வீட்டுல கொசுக்கடியா?" என்று கேலி செய்வோம். சிரிப்பார். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வெளிர் நீலச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. நான் பார்த்தேன். கட்டுப்போடும் பெண் பார்த்தாள், வாசல் காவலாளி பார்த்தார். லீவு நாளில் சொட்டண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் பார்க்க என்ன இருக்கிறது? நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். வேறு யார் அப்படி வெளுத்துப்போய் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் கட்டிலில் போட்டிருப்போம்.

நான் அந்த வழியாகப் போனபோது, "சிஸ்டர், ஒரு தடவை நாடி பாருங்களேன்" என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. எண்ணினேன், அறுபத்தாறு. பிரஷர் பார்த்தேன், நூறுக்கு எழுபது.

"எனக்கே எண்பத்தெட்டு ஓடுது. உங்க நாடி பள்ளிக்கூடப் பையன் நாடியா இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடல. ரெண்டு நாளா வயிறு சரியில்ல."

"அப்போ சாப்பிட்டுட்டு வீட்ல போய்ப் படுங்க. இங்க வந்து உட்கார்ந்தா வயிறு சரியாயிடுமா?"

இதைச் சொன்னது நான்தான். கையின் குளிர்ச்சி விரலில் இருக்கும்போதே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், எழுந்தார், பையை எடுத்தார். தண்ணீர் மெஷினைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை போய்ச் சேரவில்லை, அப்படியே சரிந்தார்.

கட்டிலில் போட்டோம். டியூட்டி டாக்டர் ஓடி வந்தாள். கெட்டிக்காரப் பெண், ஆறு மாதமாக எங்களோடு இருப்பவள். மலம் கறுப்பாகப் போகிறது என்று அவரே சொன்னார். முட்டிவலிக்கு ஒரு மாதமாக வலி மாத்திரை போடுகிறேன் என்றும் சொன்னார். அப்படியானால் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம். அதுவரை சரியாகத்தான் பிடித்தாள். "வேற மாத்திரை?" என்றாள்.

"வேற ஒண்ணுமில்ல."

"நாடி அறுபத்தெட்டு. அப்போ கொஞ்சமாத்தான் கசிஞ்சிருக்கு" என்றாள் என்னிடம். நானும் தலையாட்டினேன். ரத்தம் குறைந்தால் இதயம் பதறிக்கொண்டு ஓடும், இருக்கிற கொஞ்சத்தை வேகமாகச் சுற்றவிடும். அது ஓடவில்லையென்றால் பெரிதாக ஒன்றும் போகவில்லை. எல்லாரும் படித்த கணக்கு அதுதான். வீட்டில் திருடன் புகுந்தால் நாய் குரைக்கும் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நாயின் வாயை அந்த மாத்திரை கட்டிவைத்திருந்தது.

ஒரு பாட்டில் சலைனை முழுவேகத்தில் திறந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் பிரஷர் நூற்றுப் பதினெட்டு. எனக்கு நிம்மதியாகிவிட்டது. "பார்த்தீங்களா? இதுக்குப் போய் எங்களை இப்படிப் பயமுறுத்தினீங்களே" என்றேன். அவர் உதட்டை நக்கிக்கொண்டு ஏதோ முனகினார். குனிந்து கேட்டேன்.

"வாட்டர் பிரஷர்."

அடுத்த கால் மணியில் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. இரண்டாவது பாட்டிலும் ஓடிற்று. முதலில் எடுத்த ரத்தத்தில் பத்து இருந்த ஹீமோகுளோபின், இப்போது ஆறு. நாடி எழுபது. ஒரு மனிதனின் பிரஷர் எழுபத்தெட்டில் கிடக்கிறது, இதயம் பூங்காவில் நடக்கப் போனவர் மாதிரி எழுபதில் நடக்கிறது. டாக்டர் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரத்தம் இவ்ளோ போயிருந்தா நாடி நூத்தி இருபது ஓடணும் சிஸ்டர். இது வேற ஏதோ. இதயத்துல ஏதாவது இருக்கும். இதய டாக்டரைக் கூப்பிடுங்க. அதுக்குள்ள குழாயை இறுக்கற மருந்து ஆரம்பிச்சுடலாம்."

அந்த மருந்து ரத்தக்குழாய்களை நெருக்கிப் பிரஷரை ஏற்றும். உள்ளே ரத்தம் இருந்தால்தான் அதற்கு மரியாதை. படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "காலிக் குழாயை இறுக்கி என்ன பண்றது" என்றார். டாக்டருக்குக் கேட்கவில்லை, போன் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கேட்டது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். "கூட யாரு..." என்று பாதி வாயைத் திறந்தேன். வாசலில் அவருடைய துணிப்பை மட்டும் பெஞ்சுக்கடியில் கிடந்தது. இருபத்தோரு வருஷமாக அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு ஓர் ஆள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

குனிந்து அவர் காதருகில் கேட்டேன். "அண்ணே, உங்க பொண்டாட்டி இங்க நின்னா, நான் மாத்திரை என்னன்னு கேட்டா, என்ன சொல்லுவாங்க?"

நான் அவசரப்படுத்தவில்லை. அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது.

"அவளுக்குத் தெரியாது சிஸ்டர். அவ இருந்தப்போ கை நடுங்கல."

"கையா?"

"மூணு வருஷமா மாத்திரை போடறேன். இதயத்தை அடக்கற மாத்திரை. இன்னிக்குக் காலையிலயும் போட்டேன்." மூச்சு வாங்கினார். "டாக்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா? இருந்தது தியேட்டர் ஒண்ணுதான்."

என்ன பதில் சொன்னேன் என்று எழுத எனக்குத் தைரியம் வேண்டும். "முடியாதுண்ணே" என்றேன். அவர் சரி என்பது போல இமையை மூடித் திறந்தார். அவருக்குத் தெரியாதா என்ன? சொன்னால் தியேட்டர் போகும், சொல்லாவிட்டால் ஆளே போவார். தெரிந்துதான் நாற்பது நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொல்லாமலே யாராவது கண்டுபிடித்துக் காப்பாற்றிவிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னேன். போனை அப்படியே வைத்தாள். "அடக் கடவுளே, அப்போ அந்த நாடியே பொய்" என்றாள். அதற்குப் பிறகு அவள் நின்று யோசிக்கவில்லை. சலைனைக் குறைத்தாள். ரத்த வங்கிக்கு ஆளை ஓடவிட்டாள். குளிர்ந்த ரத்தம் உள்ளே போனால் உறைய வேண்டியதும் உறையாது என்று சூடேற்றும் கருவி வழியாக ஏற்றச் சொன்னாள். நாலு பை ஏறியது. மூன்றாவது பையில் அவர் உதட்டில் நிறம் வந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையில் பீய்ச்சிக்கொண்டிருந்த இடத்தைப் பிடித்து அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் மாத்திரையின் பெயரும், எதற்காக, எத்தனை வருஷமாக என்பதும் என் கையெழுத்தில் ஏறியது.

மறுநாள் அவருக்கு மாற்றுத்துணி எடுத்து வர அவர் அறைக்கு நான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றே தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி இருந்ததற்கான தடம்கூடத் தரையில் இல்லை. மாத்திரையை எடுத்து வரும்படி டாக்டர் சொல்லியிருந்தாள். மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. கடைசியில் குளியலறையில், பழைய சோப்பு டப்பாவில், ஒரு சோப்புக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தார். யாருமே வராத வீட்டில் இதை யாரிடமிருந்து ஒளித்தார்? அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் பயந்தது நடந்தது. கெடுதல் செய்ய யாரும் நினைக்கவில்லை, எல்லாரும் நல்லவர்கள்தான், அதனால்தான் நல்லவிதமாகப் பேசி மாற்றினார்கள். கீழ்த்தளத்தில் சலைன் கிடங்கு. ஜன்னல் இல்லாத அறை, கூரை வரை அட்டைப்பெட்டி. வார்டுகளிலிருந்து சீட்டு வந்தால் பெட்டி எண்ணிக் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை ரத்தம் கசிந்தால் நாடி மறைக்கக் கூடாது என்று அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சீட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா தானாக ஆடும். சொட்டு எண்ணியவர் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். லீவு நாளில் பெஞ்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். சீட்டோடு நான் போனால் பெட்டியை நகர்த்திவிட்டு முதுகைக் காட்டுவார். "அண்ணே" என்றால், "எத்தனை பெட்டி?" என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. உயிரைக் காப்பாற்றினேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்தான். ஒரு மனிதனுக்கு இருந்த ஒரே இடத்திலிருந்து அவனைக் கிளப்பியதும் இதே கைதான். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து தூங்கவிடவில்லை.

ஒருநாள் காலை அவரே அவசரப் பிரிவுக்கு ஏறி வந்தார். கையில் ஒரு காகிதம். புண் ஆறிவிட்டதா என்று மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். லேசாக மயக்க மருந்து கொடுப்பார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் செய்ய மாட்டார்கள். இந்த விதியை இருபது வருஷம் நோயாளிகளிடம் சொல்லி அனுப்பியவரே அவர்தான்.

"சிஸ்டர், புதன்கிழமை உங்களுக்கு லீவா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். காகிதம் ஆடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை எனக்கு லீவு இல்லை. "லீவுதான்" என்றேன்.

சீருடை இல்லாமல் போயிருந்தேன். பதிவு ஜன்னலில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரையும் அவளுக்குத் தெரியாது. தலை நிமிராமல் கேட்டாள். "கூட யாரு வந்திருக்கா?"

அவர் சற்று நின்றார். அந்தக் கேள்வி அவர் பக்கம் திரும்பி வந்ததை இப்போதுதான் கேட்கிறார். பிறகு என்னைக் காட்டினார்.

"சிஸ்டர்."

இருபத்தோரு வருஷமாகக் கூப்பிடுகிற அதே வார்த்தைதான். அந்தப் பெண் பேனாவை எடுத்து, உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதினாள். அவர் திருத்தவில்லை. குளுக்கோஸ் என்று சொன்னால்கூட விடாமல் திருத்துகிற மனிதர், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

சொன்னேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நிறுத்தியது ஒன்று, எந்தத் தேதியில் நிறுத்தியது, எந்த டப்பாவில் இருந்தது என்பது வரை.